சமனலவெவக் கரையில் ஒரு படகுக் கழகம்

கல்லூரி விழா மலர்களிலே எழுதுவோர் பழைய அதிபர்களின் பெருமையையும், பரீட்சைப் பெறுபேறுகளின் உயர்வையும், துடுப்பாட்டக் குழுவின் வெற்றிகளையும் எடுத்துரைப்பது நெடுநாள் மரபு. அம்மரபை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும், விழா என்பது சென்றதை எண்ணி மகிழ்வதற்கு மாத்திரமன்றி வரவேண்டியதை எண்ணித் துணிவதற்கும் உரிய வேளையாகும். ஆகவே, இம்மலரின் பக்கங்களிலே சிறியதோர் ஆசையை அன்பர்கள்முன் வைக்க விரும்புகின்றோம். எமது மலைகளின் நடுவே கிடக்கும் நீர்த்தேக்கம் ஒன்றின் கரையிலே, மாணவரும் பழைய மாணவரும் ஞாயிறுதோறும் கூடிச் சிறு பாய்ப்படகுகளைச் செலுத்தி, ஒருவரோடொருவர் நட்புடன் போட்டியிடும் கழகம் ஒன்று வேண்டும் என்பதே அவ்வாசை.

இதனைப் படித்த அளவிலே நகைப்போரும் இருப்பர். "தேயிலை மலையில் இருப்பவனுக்குப் பாய்மரம் எதற்கு?" என்று கேட்பர். இக்கட்டுரையை முடிவுவரை படித்தபின் நகைக்குமாறு அவர்களை வேண்டிக்கொள்கின்றோம்.

முதலில் நீருக்கும் எமக்கும் உள்ள உறவை ஆராய்வோம். 1820களிலே கோப்பித் தோட்டங்களுக்கென எம் முன்னோர் தமிழகத்திலிருந்து வரத்தொடங்கினர். தோணியிலும் பின்னர்க் கப்பலிலும் ஏற்றப்பட்டுக் கடல் கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்தோர் பலர். கடலைக் கடந்தனர் என்பது உண்மை. ஆனால் கலத்தைச் செலுத்தியோர் அவரல்லர். சுக்கான் பிறர் கையிலே இருந்தது. அவர்கள் சரக்கைப்போல ஏற்றப்பட்டு, சரக்கைப்போல இறக்கப்பட்டனர். அதன்பின் நீர் என்பது அவர்களுக்குப் பீலியில் விழும் நீராகவும், கொழுந்து மலையில் முதுகை நனைக்கும் மழையாகவும், இரத்தினபுரியிலே களுகங்கை பெருகும்போது வீட்டை விழுங்கும் வெள்ளமாகவுமே அமைந்தது. 2003 ஆம் ஆண்டிலும் 2017 ஆம் ஆண்டிலும் மே மாதப் பெருவெள்ளங்களின்போது எம் மாவட்டத்தவர் பலர் படகேறினர். உயிர் தப்புவதற்காக ஏறினர். மகிழ்ச்சிக்காக எம்மவர் படகேறிய நாள் எது?

இதன் விளைவைக் கண்ணாரக் காண்கின்றோம். எமது லயங்களிற் பிறந்த பிள்ளைகளிற் பெரும்பாலார் நீந்த அறியார். இந்நாட்டிலே ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி இறக்கின்றனர். விடுமுறை நாளிற் குளிக்கச் சென்ற இளைஞர் திரும்பவில்லை என்ற செய்தி எமக்குப் புதிதன்று. நீரை அஞ்சி ஒதுங்குவது ஒரு குறை. அறியாமல் அதிற் பாய்வது மற்றொரு குறை. இவ்விரண்டுக்கும் மருந்து ஒன்றே: நீரைப் பழகி அறிதல்.

தமிழருக்குக் காற்றும் கலமும் அந்நியமானவை என்று எவரும் கூறார். காற்றின் இயல்பறிந்து கலம் செலுத்தியோரைப் புறநானூறு போற்றுகின்றது. அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. வல்வெட்டித்துறையிலே எம்மவர் கையாற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் ரொபின்சன் விலைக்கு வாங்கினார். வல்வைக் கடலோடிகள் அதனைச் செலுத்தி, 1938 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறைமுகத்தை அடைந்தனர். வடகரைத் தமிழனுக்கு அக்கலை பரம்பரைச் சொத்து. மலையகத் தமிழனுக்கோ அது கையளிக்கப்படவில்லை. கையளிக்கப்படாத சொத்தைக் கற்றுப் பெறுவதற்காகவே கல்லூரிகள் இருக்கின்றன.

இடம் எங்கே என்று கேட்கலாம். பலாங்கொடைக்கு அப்பால், பெலிஹுல்ஓயா வளவை கங்கையோடு கலக்கும் இடத்திலே சமனலவெவ நீர்த்தேக்கம் இருக்கின்றது. ஏறக்குறைய 110 மீற்றர் உயரமான அணை அது. 1992 ஆம் ஆண்டிலிருந்து மின்சாரம் தந்து வருகின்றது. அதன் நிலையத்தின் ஆற்றல் 120 மெகாவாற்று. அணையின் வலக்கரையிலே நீர் கசிந்த செய்தி அக்காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால் இந்நீர்த்தேக்கத்தைப்பற்றி எமது மாணவர் அறியவேண்டிய வேறொரு செய்தி உண்டு.

நீர் நிரம்புமுன் அப்பள்ளத்தாக்கிலே நடைபெற்ற அகழாய்வில், மேற்கு நோக்கிய குன்றுச் சரிவுகளிலே பழைய இரும்புருக்கும் உலைகள் பல கண்டெடுக்கப்பட்டன. கில் ஜூலெஃப் என்னும் ஆங்கில ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்தார். அவ்வுலைகளுக்குத் துருத்தி ஊதுவோர் தேவைப்படவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றே உலையின் முகப்பிலே மோதி நெருப்பை வளர்த்தது. ஏழாம் நூற்றாண்டிலிருந்து பதினோராம் நூற்றாண்டுவரை இத்தொழில் அங்கே நடைபெற்றதென அறிகின்றோம். அதே முறையில் உலையமைத்து, அதே காற்றினால் இரும்புருக்கிக் காட்டி, 1996 ஆம் ஆண்டிலே 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் அவர் அதனை வெளியிட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு மக்கள் அவ்விடத்துக் காற்றை அளந்தறிந்து வேலை வாங்கினர் என்றால், அக்காற்றைப்பற்றி வேறு சான்றும் வேண்டுமோ? இன்று அவ்வுலைகள் பல நீருக்கடியிலே கிடக்கின்றன. காற்று மட்டும் அந்நீரின்மேல் வேலையற்று வீசிக்கொண்டிருக்கின்றது.

இனிக் 'கழகம்' என்னும் சொல்லைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். தோட்டங்களிலே 'கிளப்' என்பது துரைமார் மாலையிற் கூடும் இடமாக இருந்தது. அங்கே டென்னிசு இருந்தது, பந்தடி மேசை இருந்தது, புல்வெளி இருந்தது. எம்மவரும் அங்கே சென்றதுண்டு: புல் வெட்டவும், பந்து பொறுக்கவும், கோப்பை கழுவவும் சென்றனர். விளையாட்டு என்பது வேலைசெய்யாதவரின் உடைமை என்னும் எண்ணம் அவ்வழியே எம் நெஞ்சிற் பதிந்துவிட்டது. பெரட்டுக்குப் பிந்தினாற் பேர் இல்லை என்று வாழ்ந்த குடும்பத்திலே, ஓய்வு என்றால் சோம்பல் என்றே பொருள்பட்டது. இவ்வெண்ணத்தை மாற்றாமல் எத்தனை பட்டங்களைப் பெற்றாலும் எமது விடுதலை முழுமையடையாது என்பது எம் துணிபு. வாரத்திலே ஆறு நாள் உழைத்தவனுக்கு ஏழாம் நாளின் மாலை உரியது. அம்மாலையைப் பயனுற மகிழ்ந்து கழிக்கும் இடமும் அவனுக்கு உரியது.

பாய்ப்படகு என்றதும் செல்வரின் வெண்ணிற உல்லாசக் கப்பல்கள் நினைவுக்கு வரலாம். நாம் கூறுவது அதுவன்று. 1947 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள கிளியர்வோட்டர் என்னும் ஊரிலே, எளிய வீட்டுப் பிள்ளைகளும் ஓட்டத்தக்கதாக மலிவான படகொன்றைச் செய்து தருமாறு கிளாக் மில்ஸ் என்னும் படகுக் கலைஞரை அவ்வூரவர் கேட்டனர். ஒட்டுப்பலகைத் தகடுகளைக்கொண்டு அவர் அமைத்த சிறு பெட்டி போன்ற படகே 'ஒப்ரிமிஸ்ற்'. நீளம் 2.3 மீற்றர் அளவே. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலே அதனைச் செலுத்துகின்றனர். 1960களின் தொடக்கத்திலே இங்கிலாந்தில் 'மிரர்' என்னும் படகு தோன்றியது. பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளைக் கண்ணாடி நார் நாடாவாலும் பசையாலும் அடைத்து, வீட்டுக் கொட்டிலிலேயே எவரும் செய்துகொள்ளத்தக்கதாக அது வகுக்கப்பட்டது. இதுவரை எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மிரர் படகுகள் உருவாகியுள்ளன. எமது கல்லூரியின் மரவேலைக் கூடத்திலே, தோட்டத்துத் தச்சுப் பாஸ்மார் இருவர் கைகொடுத்தால், இத்தகைய படகொன்றை ஒரு தவணைக்குள் முடிக்க இயலாதா?

இத்தகைய கழகங்களிலே போட்டி நடைபெறும் முறையும் எளியதே. கரையில் நட்ட கம்பம் ஒன்றுக்கும் நீரில் நங்கூரமிட்ட மிதவை ஒன்றுக்கும் இடையே உள்ள கோடு தொடக்கமாகும். முக்கோணமாக மூன்று மிதவைகள் இடப்படும். மணியடித்ததும் படகுகள் கோட்டைக் கடந்து அவற்றைச் சுற்றி வரவேண்டும். முதல் மிதவை பெரும்பாலும் காற்று வரும் திசையிலே இருக்கும். அங்கேதான் கலை தொடங்குகின்றது. காற்றுக்கு நேரெதிரே எந்தப் பாய்ப்படகும் செல்லாது. இடப்புறம் சாய்ந்து சிறிது தூரம், வலப்புறம் திரும்பிச் சிறிது தூரம் என மாறிமாறியே ஏறவேண்டும். எமது மாணவருக்கு இதனை விளக்கப் பெரும் நூல் தேவையில்லை. ஸ்டோருக்குச் செல்லும் லொறிப் பாதையை அவர்கள் அறிவர். மலையுச்சிக்கு அது நேரே ஏறுவதில்லை. வளைந்து வளைந்து ஏறுகின்றது. எந்த வளைவிலே எப்போது திரும்புவது என்று முடிவுசெய்பவனே பாய்ப்படகிலும் முந்துகின்றான். தசைவலி மிக்கவன் முந்துவான் என்பதில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுமி தன் அண்ணனை வெல்லக்கூடிய விளையாட்டு இது.

இதிலும் சிறந்த இயல்பொன்று இவ்விளையாட்டுக்கு உண்டு. இத்தகைய போட்டிகளிலே பெரும்பாலும் நீரின் நடுவே நடுவர் இருப்பதில்லை. காற்றை வலப்புறம் வாங்கிச் செல்லும் படகுக்கு, இடப்புறம் வாங்கிச் செல்லும் படகு வழிவிடவேண்டும் என்பது விதி. வழிவிடத் தவறியவன் தானே விலகி, தன் படகை இரண்டு முறை முழுவட்டமாகச் சுற்றித் தண்டனையை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. கரையில் இருப்போர் கண்டிருக்கமாட்டார்கள். தொட்டவன் அறிவான், அது போதும். பரீட்சை மண்டபத்திலே மேற்பார்வையாளர் திரும்பியதும் எட்டிப் பார்க்கும் பழக்கம் மலிந்துவரும் காலத்திலே, எவரும் காணாத இடத்திலே தன் தவற்றுக்குத் தானே தண்டம் இறுக்கும் பயிற்சியை எந்தப் பாடம் தருகின்றது? அறநூல்களை நாம் மனனம் செய்விக்கின்றோம். அவற்றை நடத்திப் பார்க்கும் களமும் ஒன்று வேண்டாவா?

சமனிலார் சமனாகப் போட்டியிடும் வழியும் இங்கே உண்டு. விரைவான படகும் மெதுவான படகும் ஒன்றாக ஓடும்போது, ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் வழங்குவர். எடுத்த நேரத்தை ஆயிரத்தாற் பெருக்கி அவ்வெண்ணால் வகுத்து ஒப்பிடுவர். மிரர் படகின் எண் ஏறக்குறைய 1,390. லேசர் என்னும் விரைவுப் படகின் எண் ஏறக்குறைய 1,100. மிரர் 60 நிமிடத்திலும் லேசர் 50 நிமிடத்திலும் ஓடி முடித்தன என்க. கணக்குப்படி மிரருக்கு 43 நிமிடமும் சிறிதும். லேசருக்கு 45 நிமிடத்துக்கு மேல். பத்து நிமிடம் பிந்தி வந்த மிரரே வென்றது. யார் முதலில் வந்தார் என்று மட்டும் கேளாமல், எதனைக்கொண்டு வந்தார் என்றும் கேட்கும் நீதி இது. ஒற்றை அறையிலே ஆறு பேரோடு படித்து வந்த தோட்டத்துப் பிள்ளையின் பெறுபேற்றை நகரத்துப் பிள்ளையின் பெறுபேற்றோடு ஒப்பிடும் இடமெல்லாம் இந்நீதி நினைவுக்கு வரவேண்டும்.

இது செல்வர் விளையாட்டு என்பாருக்கு ஒன்று கூறுவோம். ஐதராபாத்து நகரின் நடுவேயுள்ள உசேன்சாகர் ஏரியிலே ஒரு படகுக் கழகம் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகின்றது. அவருட் பலர் இந்திய தேசியப் போட்டிகளிலே பதக்கம் பெற்றுள்ளனர். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணாக 2021 ஆம் ஆண்டிலே தோக்கியோ விழாவிற் பங்குபற்றினார். எம் நாட்டிலோ, ரே விஜேவர்தன என்னும் பொறியியலறிஞர், 1968 ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலே படகு செலுத்தி, 1970 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவிலே வெள்ளிப் பதக்கம் வென்றார். இருசில் உழவு இயந்திரத்தை வகுத்தவரும், மலைச்சரிவில் மண் அரியாமற் பயிரிடும் முறையைப் பரப்பியவரும் அவரே. காற்றைப் படித்தவர் மண்ணையும் படித்தார்.

ஆயினும், ஒலிம்பிக் வீரரை உருவாக்குவதற்காக நாம் இக்கழகத்தை வேண்டவில்லை. வென்றவனைத் தோளில் ஏற்றித் தோற்றவனை மறக்கும் விளையாட்டுகள் எம்மிடம் போதிய அளவு உண்டு. பதினொருவர் ஆட, ஆயிரவர் கூவிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. பாய்ப்படகுக் கழகத்திலே பார்வையாளர் குறைவு; வந்தவர் அனைவரும் ஓட்டுநர். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் படகுகளை மாற்றிக்கொள்ளலாம். அப்போது படகைக் குறைகூற எவருக்கும் இடமிராது.

அபாயம் உண்டென்பது மெய். ஆகவே விதிகளைத் தளர்த்தலாகாது. நீர்த்தேக்கத்தை ஆளும் அதிகாரிகளின் எழுத்து மூலமான அனுமதி முதலில் வேண்டும். மின்னிலையத்தின் தேவைக்கேற்ப நீர்மட்டம் ஏறி இறங்குவதால், அணைக்கும் நீர்வாய்க்கும் அண்மையிற் செல்வதைத் தடுக்கவேண்டும். நீந்தக் கற்றவரே படகேறலாம். நீந்த வல்லவராயினும் மிதவைச் சட்டை அணியாது ஏறலாகாது. காவற் படகொன்று எப்போதும் நீரில் நிற்கவேண்டும். உலைகளை ஊதிய அதே பருவக்காற்று ஜூன் முதல் செப்டெம்பர் வரை வன்மையாக வீசும்; அக்காலம் தேர்ந்தவருக்கே உரியது. தொடக்கநிலை மாணவருக்கு ஆண்டின் மெல்லிய காற்றுடைய மாதங்கள் போதும். படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு விடை இது: வாரத்தில் ஒரு மாலையே கேட்கின்றோம்; அம்மாலையிலும் விசையும் கோணமும் மேகமும் காற்றழுத்தமும் அவர்கள் கண்முன்னே பாடம் நடத்தும். இந்துக் கல்லூரிக்கு இது தகுமா என்று ஐயுறுவோர், தெய்வத்தையே தெப்பத்தில் ஏற்றி நீரில் உலாவரச் செய்யும் எமது திருவிழாவை நினைந்து அமைதியுறுக.

இறுதியாக, எம் நெஞ்சில் நெடுநாளாக இருக்கும் ஒன்று. சபரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாவின் தோட்டங்களைப்போல ஒன்றோடொன்று தொடர்ந்து கிடப்பவை அல்ல. சிங்களக் கிராமங்களின் நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பவை. அதனால் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளிலே இங்குள்ளோர் அடைந்த துயரம் பெரிது. லயங்களை விட்டு வன்னிக்குச் சென்று, பின் திரும்பாத குடும்பங்கள் உண்டு. அக்குடும்பங்களின் பிள்ளைகள் எம் வகுப்பறைகளிலே அமர்ந்திருந்த இடங்கள் வெறுமையானதை எம்முட் பலர் மறவார். அதே நாட்களிலே எம்மவரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்த கிராமத்தாரும் உளர், அதனையும் மறவோம். அயலார் இருவர் ஒருவரையொருவர் கடையிலும் பேருந்திலும் மட்டுமே கண்டு, ஒன்றாக எதனையும் செய்யாதிருந்தால், வதந்தி ஒன்றே அவர்களைப் பிரிக்கப் போதுமானது. ஆகவே இக்கழகம் எமது கல்லூரிக்கு மட்டும் உரியதாக இருத்தலாகாது. அயற் சிங்களப் பாடசாலைகளின் மாணவரும் முதல் நாளிலிருந்தே அங்கத்தவராகவேண்டும். இருவர் செலுத்தும் படகிலே ஒருவர் சுக்கானையும் மற்றவர் முன்பாயையும் பிடிக்கின்றனர். ஒருவர் சொல் மற்றவருக்கு விளங்காவிட்டாற் படகு கவிழும். மொழி கற்பதற்கு இதனினும் விரைவான வகுப்பு இல்லை.

பழைய மாணவருக்கு எமது வேண்டுகோள் சுருக்கமானது. கட்டடத்துக்கும் கூரைக்கும் உதவினீர்கள், நன்றி. இம்முறை ஒவ்வோர் ஆண்டு அணியினரும் ஒட்டுப்பலகையும் பாய்த்துணியும் வாங்கித் தருக. ஆறு படகுகள் போதும். கிண்ணமோ கேடயமோ தரவேண்டா. நீச்சல் பயிற்றுவிக்க ஒருவரை அமர்த்தித் தந்தால் அதுவே பெருங்கொடை.

சிறு ஏரிக் கழகங்களிலே எழுதாத விதி ஒன்று உண்டென அறிகின்றோம். முதலில் வந்தவன் தன் பாயைச் சுருட்டிவிட்டு வீடு செல்வதில்லை. கடைசிப் படகு கரைசேரும்வரை எல்லோரும் காத்திருந்து, அப்படகின் அணியத்தைப் பிடித்து மேலே இழுத்தபின்னரே கலைகின்றனர். எமது சமூகத்திலும் முதலிற் கரையேறியவர் பலர் இருக்கின்றோம். இம்மலரைப் படிப்போர் பெரும்பாலும் அத்தகையோரே. பின்னே இன்னும் பல படகுகள் காற்றோடு போராடிக்கொண்டிருக்கின்றன. கரையில் நின்று காத்திருப்போமாக.